13 மணி நேர நோன்பும் மீதி 11 மணி நேரமும்

ரமலான் பிறை தெரிவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடும். நோன்பு வைத்தால் புற்றுநோய்ச் செல்கள் செத்துவிடுமாம், இதைக் கண்டுபிடித்த ஜப்பானியருக்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்களாம். யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவ நோபல் கிடைத்தது உண்மைதான். அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை. ஊட்டம் கிடைக்காத செல் தன் பழைய பாகங்களைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. அதற்குக் காரணமான மரபணுக்களை அவர் அடையாளம் கண்டார். 13 மணி நேரம் பட்டினி கிடந்தால் மனிதனுக்குப் புற்றுநோய் தீரும் என்பது அந்த ஆய்வில் இல்லை.

நோன்புக்கு இந்த இரவல் பெருமை எதற்கு என்பதுதான் என் ஆதங்கம். குர்ஆனில் நோன்பைக் கடமையாக்கும் வசனம் (2:183) அதற்குச் சொல்லும் நோக்கம் தக்வா, அதாவது இறையச்சம். உடம்புக்கு நல்லது என்பதற்காக யாரும் நோன்பு வைக்கச் சொல்லப்படவில்லை. உடம்புக்கும் நல்லது நடக்கிறது, தெருவுக்கும் நல்லது நடக்கிறது. ஆனால் அந்த நன்மை பட்டினியால் தானாக வந்துவிடுவதில்லை. மாலையில் நோன்பு திறந்ததிலிருந்து அடுத்த சஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) முடியும் வரை உள்ள மீதி 11 மணி நேரத்தில் என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு தூங்குகிறோம், யாருக்கு என்ன கொடுக்கிறோம் என்பதில்தான் பாதிக்குமேல் இருக்கிறது. அதை நம் கொங்கு மண்டலத்து நடைமுறையோடு சேர்த்து எழுத வேண்டும் என்று நெடுநாள் எண்ணம்.

முதலில் நேரக்கணக்கு. ஹிஜ்ரி என்ற இஸ்லாமியச் சந்திர ஆண்டு 354 அல்லது 355 நாள்தான். அதனால் ரமலான் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவிடும். 2018, 2019இல் மே மாத வெயிலில் வைத்த நோன்பு, 2026இல் பிப்ரவரி 19 அன்று தொடங்கியது. 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என ஒரே ஆங்கில ஆண்டில் இரண்டு ரமலான் தொடங்கும். கோவை பூமத்திய ரேகைக்கு அருகே, 11 பாகை வடக்கில் இருப்பதால் பருவம் மாறினாலும் நோன்பின் நீளம் நமக்குப் பெரிதாக மாறாது. டிசம்பரில் பன்னிரண்டே முக்கால் மணி நேரம், ஜூனில் பதினாலு மணியைக் கொஞ்சம் தாண்டும். பிப்ரவரி, மார்ச்சில் 13 மணி நேரம். ஐரோப்பாவில் கோடையில் 18 மணி நேரம் நோன்பு வைக்கிறவர்களை நினைத்தால் நமக்குக் கிடைத்திருப்பது பெரிய சலுகை.

இதில் வருடா வருடம் நடக்கும் ஒரு தவறு: டிவியில் சென்னை நேரப்படி பாங்கு (தொழுகை அழைப்பு) சொன்னதும் கோவையில் பேரீச்சம்பழத்தை வாயில் போடுவது. சென்னையைவிடக் கோவை மூன்றேகால் பாகை மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால், மார்ச் மாதத்தில் இங்கே சூரியன் 13 நிமிடம் போலப் பிந்தித்தான் மறையும். அந்தப் பாங்கில் திறந்தால் நோன்பு போச்சு. கரூருக்கும் கோவைக்குமே 4, 5 நிமிடம் வித்தியாசம் உண்டு. கரூரில் வேலை, போத்தனூரில் வீடு என்று இருப்பவர்கள் மாலையில் எந்த ஊரில் இருக்கிறார்களோ அந்த ஊர்ப் பள்ளிவாசல் அட்டவணையைப் பார்க்க வேண்டும். சஹரிலும் கவனம் வேண்டும். பாங்கு சொல்லி முடிகிற வரை தண்ணீர் குடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அட்டவணையில் சஹர் முடிவு என்று போட்டிருக்கிற நேரத்தோடு நிறுத்திக்கொள்வதே பத்திரம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? சஹரில் சாப்பிட்டது செரித்து இரத்தத்தில் சேர நாலைந்து மணி நேரம் ஆகும். அதற்குப் பின் கல்லீரலில் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன், ஏறக்குறைய 70 முதல் 100 கிராம், கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறி மூளைக்குப் போகிறது. அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்தை ஒட்டி அந்தக் கையிருப்பு குறையக் குறைய, உடம்பு கொழுப்பை எடுத்து எரிப்பது கூடுகிறது. இன்சுலின் அளவும் தாழ்ந்திருக்கும். இரைப்பைக்கும் கணையத்துக்கும் தினமும் ஒரு நீண்ட ஓய்வு. பொழுதுக்கும் எதையாவது கொறித்துக்கொண்டிருக்கிற பழக்கம் ஒரு மாதத்துக்கு அறுபடுகிறது. பீடி, சிகரெட், ஹான்ஸ் புகையிலை போடுகிறவருக்கு 13 மணி நேரம் அது இல்லாமலும் இருக்க முடியும் என்று அவர் உடம்பே காட்டிக்கொடுக்கிறது. விட நினைப்பவருக்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. ஆனால் திறந்த கையோடு தீப்பெட்டியைத் தேடினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

எடை விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ரமலான் மாதத்தில் சராசரியாகக் குறைவது ஒரு கிலோவை ஒட்டித்தான். அதுவும் பெருநாள் கழிந்து சில வாரத்தில் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. இரத்தக் கொழுப்பில் சிறு முன்னேற்றம் சிலருக்குத் தெரிகிறது. மாத முடிவில் எடை கூடிப் போகிறவர்களும் உண்டு. காரணம் தேட வேண்டியதில்லை: தினமும் நாலு வடை, ரெண்டு சமோசா, ஒரு பெரிய டம்ளர் ரோஸ்மில்க், தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகை முடிந்து பரோட்டாக் கடை.

சஹரை விடக் கூடாது. "சஹர் செய்யுங்கள், அதில் பரக்கத் (அருள்வளம்) இருக்கிறது" என்பது நபிமொழி. இளைஞர்கள் பலர் இரவு ஒரு மணி வரை விழித்திருந்து பிரியாணியைச் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார்கள். 13 மணி நேர நோன்பு அவர்களுக்கு 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. மேலும் பிரியாணியின் உப்பும் மசாலாவும் காலை பத்து மணிக்கே தாகமாக வந்து நிற்கும். சஹருக்கு நம் ஊரில் இருப்பதிலேயே பொருத்தமான சாப்பாடு அரிசியும் பருப்பும் சாதம்தான் என்பது என் முடிவு. ரெண்டு டம்ளர் அரிசிக்கு முக்கால் டம்ளர் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள், ஒரு கரண்டி நல்லெண்ணெய். குக்கரில் மூணு விசில், இருபது நிமிடத்தில் இறக்கலாம். அரிசியை மட்டும் தின்றால் சீக்கிரம் கரைந்துவிடும். பருப்பும் எண்ணெயும் சேர்வதால் மெதுவாகச் செரித்து நடுப்பகல் தாண்டித் தாங்கும். கூட ஒரு முட்டை, ஒரு கிண்ணம் தயிர். கம்மஞ்சோறும் மோரும் நல்லது, ராகிக் களியும் கொள்ளுப் பருப்பும் நல்லது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் சஹர் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பழமும் காயும் இல்லாத சஹர்தான் மாதம் முழுக்க மலச்சிக்கலுக்கு வழி. பாதி கொய்யாவாவது போதும்.

தண்ணீரை சஹர் முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பு மடமடவென்று ஒரு லிட்டர் குடிப்பதில் பயனில்லை; பெரும்பகுதி ஒரு மணி நேரத்தில் சிறுநீராகப் போய்விடும். திறக்கும்போது ஒரு டம்ளர், மஃரிப் (அந்தித் தொழுகை) தொழுதுவிட்டு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று, தராவீஹ் நடுவில் கொஞ்சம், படுக்கும் முன் ஒன்று, சஹரில் ரெண்டு மூன்று எனப் பிரித்து 2 முதல் 2½ லிட்டர் உள்ளே போக வேண்டும். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் மூன்று நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி வருவது பசியால் மட்டுமல்ல, டீ கிடைக்காததாலும்தான். ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிறவர், பிறைக்குப் பத்து நாள் முன்பிருந்தே ஒவ்வொன்றாகக் குறைத்து ஒன்று ரெண்டில் நிறுத்திக்கொண்டால் அந்தத் தலைவலி வராது.

சோமனூர், பல்லடம், ஈரோட்டுப் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் 12 மணி நேர ஷிப்ட் நிற்கிறவருக்கு நிலைமை வேறு. தகரக் கூரை, பஞ்சுத் தூசி, ஓயாத நடை. இவர்கள் செய்யக்கூடியது: முடிந்தால் இரவு ஷிப்டுக்கு மாறுவது; முடியாவிட்டால் நூல் மூட்டை ஏற்றி இறக்குவது மாதிரி கனமான வேலையைக் காலை பத்து மணிக்குள் முடிப்பது; லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் போகும்போது தலை, பிடரி, முழங்கை வரை தண்ணீர் ஊற்றிக்கொள்வது. குளித்தாலும் நோன்பு முறியாது, வாய் கொப்பளித்தாலும் முறியாது. தொண்டைக்குள் இறங்காமல் பார்த்துக்கொண்டால் சரி. நிற்கும்போது கண் இருட்டுகிறது, வேர்வை நின்று உடம்பு சுடுகிறது, பேச்சு முன்னுக்குப் பின் முரணாக வருகிறது என்றால் அது வெப்பத் தாக்கு. அங்கேயே நோன்பை விட்டுத் தண்ணீர் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விட்ட நோன்புக்கு ரமலானுக்குப் பின் ஒரு நாள் வைத்தால் போதும். "அல்லாஹ் உங்களுக்கு இலகுவை நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை" என்று நோன்பு பற்றிய வசனத்திலேயே (2:185) இருக்கிறது. வைராக்கியத்துக்காக உயிரைப் பணயம் வைப்பதை மார்க்கம் கேட்கவில்லை.

இனிக் கஞ்சி. நோன்புக் கஞ்சியை வெறும் வழக்கம் என்று நினைப்பவர்களுக்கு அதன் சேர்மானத்தைப் பார்க்கச் சொல்வேன். 13 மணி நேரம் காய்ந்த வயிற்றுக்கு முதலில் வேண்டியது தண்ணீர், கொஞ்சம் உப்பு, எளிதில் செரிக்கும் மாவுச்சத்து, கொஞ்சம் புரதம். நாலும் ஒரே கிண்ணத்தில் வந்துவிடுகிறது. ஆறு பேருக்கு அளவு சொல்கிறேன். பச்சரிசி நொய் 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. மூன்றையும் கழுவி அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். அடிகனமான போசியில் ரெண்டு கரண்டி எண்ணெய், ஒரு துண்டு பட்டை, மூணு கிராம்பு, ரெண்டு ஏலக்காய். பதினைந்து சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு வதக்கி, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை மேஜைக்கரண்டி சேர்த்து, பச்சை வாடை போகும் வரை பொறுமையாக வதக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கஞ்சி முழுக்கப் பூண்டு வாடைதான் நிற்கும். ஒரு தக்காளி, மூணு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி புதினா, ஒரு கைப்பிடி மல்லி, 100 கிராம் கைமா (கொத்துக்கறி). கைமா நிறம் மாறியதும் எட்டு டம்ளர் தண்ணீர். கொதித்தபின் ஊறிய அரிசி, பருப்பு, வெந்தயத்தைக் கொட்டித் தீயைத் தணித்து, முக்கால் மணி நேரம் குழைய விட வேண்டும். உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் வற்ற வற்றக் கரிக்கும்.

தேங்காயிலிருந்து எடுத்த கெட்டிப் பால் ஒரு டம்ளர். அடுப்பை அணைக்கப் போகும்போது ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். பாலை ஊற்றிவிட்டுக் கொதிக்க விட்டால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். வெந்தயம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் கசக்கும். தாளிப்பில் போட்டுக் கருக விட்டாலும் கசக்கும். ஆறினால் கூழாக இறுகும்; அப்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாமல் வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் பழைய பதம் வரும். பள்ளிவாசல் அண்டாவில் பெரிய பிரச்சினை அடிப்பிடிப்பது. அரிசி மலர்ந்த பிறகு விறகைப் பாதி இழுத்துவிட்டு, துடுப்பை அடியோடு தேய்த்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டால் சுரண்டிக் கலக்கிவிடாமல், மேலே இருப்பதை மட்டும் வேறு அண்டாவுக்கு மாற்றினால் பாதியாவது பிழைக்கும்.

திறக்கும் முறைக்கு வருவோம். பேரீச்சம்பழம் மூன்று; நம் கடைகளில் கிடைக்கும் நடுத்தரப் பழம் என்றால் அதில் 15 கிராம் போலச் சர்க்கரை இருக்கும். கூட ஒரு டம்ளர் தண்ணீர், அல்லது பொள்ளாச்சி இளநீர் ஒன்று. ஒரு கிண்ணம் கஞ்சி. பிறகு மஃரிப் தொழப் போய்விட வேண்டும். அந்தப் பத்து நிமிட இடைவெளிக்குள் இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கிவிடும். திரும்பி வரும்போது வடைத் தட்டின் மேல் இருந்த வெறி பாதி அடங்கியிருக்கும். நபி வழியிலும் பழமும் தண்ணீரும் முதலில், பிறகு தொழுகைதான். உட்கார்ந்த இடத்தில் ஒரேயடியாக எல்லாவற்றையும் தின்றால் நெஞ்செரிச்சலோடுதான் தராவீஹில் நிற்க வேண்டிவரும். வடை வேண்டவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நேற்றுப் பொரித்த எண்ணெயில் பொரிக்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகள் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். 13 நாடுகளில் 12,243 பேரை வைத்து நடந்த எபிடையார் என்ற ஆய்வு 2004இல் வெளியானது. ரமலானில் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது, மற்ற மாதங்களைவிட, இரண்டாம் வகை நோயாளிகளிடம் 7.5 மடங்கும் முதலாம் வகையில் 4.7 மடங்கும் கூடியிருந்தது. மாத்திரை, ஊசியை டாக்டர் யோசனைப்படி மாற்றியமைக்காமல் நோன்பு வைப்பது ஆபத்தைக் கூட்டும். ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரிடம் போய், "நான் நோன்பு வைக்கப் போகிறேன், அட்டவணையை மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். மெட்பார்மின் மட்டும் எடுப்பவருக்கு ஆபத்து குறைவு. பெரிய அளவை நோன்பு திறக்கும்போது மாற்றிக்கொடுப்பார்கள். கிளைமிபிரைடு போன்றவை சர்க்கரையைத் திடீரென இறக்கக்கூடியவை. காலையில் போட்ட மாத்திரையை அப்படியே சஹரில் போட்டால் மாலை நாலு மணிக்கு மயக்கம் வரக்கூடும். இன்சுலின் போடுகிறவர் தானாக அளவை மாற்றவே கூடாது. சிறுநீரை அதிகமாக்கும் இரத்த அழுத்த மாத்திரையையும் இரவுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. இதைத் தெரியாமலே பலர் பகலில் பார்க்காமல் இருந்துவிடுகிறார்கள். காலை பத்து மணி, லுஹர், அஸர், நோன்பு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன், திறந்து ரெண்டு மணி நேரம் பின் என்று பாருங்கள். 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் அந்த நிமிடமே நோன்பை விட வேண்டும். கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, படபடப்பு வந்தால் கருவியைத் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் சர்க்கரைத் தண்ணீர். "இன்னும் அரை மணி நேரம்தானே" என்று தள்ளிப்போடுவதுதான் ஆளைச் சாய்க்கிறது. வண்டி ஓட்டுகிறவர், கட்டிங் மிஷினில் நிற்கிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மேலே சொன்ன கஞ்சியும் நொய்யரிசிதான், சட்டென்று சர்க்கரையை ஏற்றும். இவர்களுக்குப் பாதி அரிசிக்குப் பதில் கம்பு ரவை போட்டு, பருப்பைக் கூட்டித் தனியாகக் காய்ச்சலாம், ஒரு கிண்ணத்தோடு சரி. முதலாம் வகை நோயாளி, டயாலிசிஸில் இருப்பவர், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர் போன்றோர் வைக்காமல் இருப்பதே நல்லது. இனி ஒருபோதும் வைக்க முடியாத நிலை என்றால் ஒரு நாளைக்கு ஓர் ஏழைக்கு உணவு என்று ஃபித்யா கொடுத்தால் அவர் கடமை நிறைவேறுகிறது. அவர் மனதில் குற்ற உணர்ச்சியை ஏற்றுகிற பேச்சை வீட்டில் யாரும் பேசாதிருப்பது பெரிய உதவி.

ஆன்மிகப் பலனைப் பற்றி எழுதுவது கடினம், ஏனென்றால் அது அளந்து காட்டக்கூடியது அல்ல. மற்ற வணக்கங்கள் வெளியே தெரியும்: தொழுவதைப் பார்க்கலாம், தானத்தைப் பார்க்கலாம், ஹஜ்ஜுக்குப் போவதை ஊரே வழியனுப்பும். நோன்பாளி குளியலறையில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் யாருக்கும் தெரியாது. தெரியாது என்று அறிந்தும் குடிக்காமல் இருப்பதில்தான் இந்த வணக்கத்தின் உயிர் இருக்கிறது. "நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுப்பேன்" என்று இறைவன் சொல்வதாக வரும் ஹதீஸை இந்த இடத்தில்தான் நான் புரிந்துகொள்கிறேன். இருபத்தொன்பது, முப்பது நாள் இப்படி யாரும் பார்க்காத இடத்தில் தன்னைத் தானே தடுத்துப் பழகுகிறவருக்கு, கல்லாப்பெட்டி முன்னாலும் தராசு முன்னாலும் அதே கட்டுப்பாடு வர வேண்டும். "பொய் பேசுவதையும் அதன்படி நடப்பதையும் விடாதவர் உணவையும் பானத்தையும் விடுவது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை" என்று புகாரியில் பதிவான நபிமொழி இதைப் பட்டென்று சொல்லிவிடுகிறது. நோன்பு வைத்துக்கொண்டே வேலைக்காரர் கூலியைப் பெருநாள் கழித்துத் தருகிறேன் என்று இழுத்தடிக்கிற முதலாளிக்கும், மஞ்சள் மூட்டையில் எடை குறைக்கிற வியாபாரிக்கும் மிஞ்சுவது பசியும் தாகமும்தான்.

நாக்குக்கு அடுத்தது கைப்பேசி. சஹர் முடிந்ததும் படுக்கையில் ரீல்ஸ், மாலை நேரம் போகவில்லை என்று மறுபடி ரீல்ஸ். ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கிறது: குர்ஆன் 30 ஜுஸ்உ (பாகம்), பரவலாக அச்சாகும் பிரதியில் 604 பக்கம், ஒரு ஜுஸ்உக்கு 20 பக்கம். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் 4 பக்கம் ஓதினால் நாளுக்கு 20. மாதம் முடியும்போது குர்ஆனும் முடிந்துவிடும். அரபி சரளமாக வராதவர் அன்றைய ஜுஸ்உவின் தமிழ் மொழிபெயர்ப்பைப் பகலில் படித்துவிட்டுத் தராவீஹில் நின்றால், ஹாபிஸ் (குர்ஆனை மனப்பாடம் செய்தவர்) ஓதுவது காதில் விழுந்தும் விழாமலும் போகாது. இன்ன சம்பவம் ஓடுகிறது என்று மனம் பிடித்துக்கொள்ளும். தராவீஹைக் கொங்குப் பகுதி ராவுத்தர் ஜமாஅத்துகளில் (பள்ளிவாசல் சமூகங்களில்) 20 ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுகிறார்கள், சில பள்ளிகளில் 8. அதை வைத்து வாசலில் நின்று வாதாடுவது நோன்பின் நேரத்தை வீணாக்குகிற வேலை.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பாதிப் பொய். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து சஹர் சமைத்து, எல்லாரையும் எழுப்பி, பாத்திரம் கழுவி, பகலில் வேலைக்கும் போய்விட்டு வந்து, காய்ந்த தொண்டையோடு மாலை நாலரை மணிக்கு எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பது அவர்கள்தான். பாங்கு சொல்லும்போது கையில் கரண்டியோடு, நின்றுகொண்டே ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொள்கிறார்கள். நபியவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாருக்கு வேலை செய்து கொடுத்தார்கள் என்று அவர்கள் மனைவி ஆயிஷா நாயகியே அறிவித்திருக்கிறார்கள். அத்தாவும் மகனும் பழம் நறுக்கி, சர்பத் கரைத்து, பாத்திரம் கழுவினால் சுன்னத்தும் (நபிவழியும்) ஆச்சு, அம்மாவுக்கும் துஆ (பிரார்த்தனை) கேட்கப் பத்து நிமிடம் கிடைக்கும். தட்டில் ஆறு வகை வேண்டும் என்ற ஆசையை ரெண்டு வகையாகக் குறைத்தாலே பாதிச் சுமை இறங்கும்.

பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில் வருவதால், ரமலானும் அந்த மாதத்தில் விழும் ஆண்டுகளில் நோன்பும் பரீட்சையும் சேர்ந்து நிற்கின்றன. பருவம் அடைந்த பிள்ளைக்கு நோன்பு கடமை. ஆனால் தூக்கம் ஆறு மணி நேரமாவது வேண்டும். தராவீஹ் முடிந்ததும் படுத்து, சஹருக்கு எழுந்து, ஃபஜ்ர் (வைகறைத் தொழுகை) தொழுத பின் படிப்பது நடைமுறையில் ஒத்துவரும். மூளை தெளிவாக இருக்கும் நேரம் அது.

சமூகப் பலனைப் பார்க்க அஸர் தொழுகைக்குப் பின் ஏதாவதொரு பள்ளிவாசல் வாசலில் நின்றால் போதும். தமிழக அரசு இந்த மாதத்தில் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி தருகிறது. மீதிச் சாமான் ஜமாஅத்தார் செலவு. தூக்குப்போசியோடு வரிசையில் நிற்கிறவர்களில் ராவுத்தரும் இருப்பார், கவுண்டர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும். "ஏனுங்க பாய், இன்னிக்கு கைமா போட்டதுங்களா?" என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. இங்கே புலால் சாப்பிடாத வீடுகளும் கிழமை பார்க்கிற வீடுகளும் நிறைய. அதனால் ஒரு சின்ன அண்டாவில் கறி சேர்க்காத கஞ்சியைத் தனிக் கரண்டியோடு வைத்து, எது எது என்று முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. கந்தசஷ்டிக்கும் தைப்பூசத்துக்கும் விரதம் இருந்து பழகிய ஊர் இது; பசியோடு இருந்து கடவுளை நினைப்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் கூடக் குடிக்க மாட்டீர்களா என்பது மட்டும்தான் எல்லாரும் கேட்கும் கேள்வி. பக்கத்து மேஜைக்காரர் நோன்பு என்பதற்காக நீங்கள் டிபன் பாக்ஸை ஒளித்துச் சாப்பிட வேண்டாம், அவருக்கு அதில் வருத்தம் இல்லை.

திருப்பூரில் இன்னொன்று கவனிக்க வேண்டும். பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்து லைன் வீடுகளில் நாலைந்து பேராகத் தங்கி பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். ஒரே அடுப்பு, சஹருக்குச் சமைக்க நேரமில்லை, இரவு மிச்சத்தைத் தின்றுவிட்டு நோன்பு வைக்கிறார்கள். அவர்கள் ஊரில் பொரியும் வேகவைத்த கொண்டைக்கடலையும் வெங்காயப் பக்கோடாவும்தான் இஃப்தார் (நோன்பு திறக்கும் உணவு). நம் கஞ்சி முதல் நாள் அவர்களுக்குப் பிடிபடாது. ஐந்து கிலோ கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்துத் தட்டில் சேர்த்துவிட்டால், தயங்கி வெளியே நிற்கிறவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். கம்பெனிக்காரர்கள் செய்யக்கூடியது, மாலை டீ இடைவேளையை ஆறரை மணிக்கு மாற்றி இருபது நிமிடம் கொடுப்பது. உற்பத்தி ஒன்றும் கெட்டுப்போகாது.

பணக் கடமைகள் ரெண்டு. ஃபித்ரா என்ற பெருநாள் தருமம் தலைக்கு இவ்வளவு என்று ஜமாஅத்தில் அறிவிப்பார்கள். ஹனபி மார்க்கச் சட்ட முறையில் ஒன்றே முக்கால் கிலோவை ஒட்டிய கோதுமை அல்லது அதன் விலை, ஷாஃபி முறையில் சுமார் இரண்டரை கிலோ அரிசி. பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்துவிட வேண்டும். தொழுகைக்குப் போகிற வழியில் கொடுத்தால் வாங்குகிற வீட்டில் அன்றைக்குச் சமைக்க முடியாது. ரெண்டு மூன்று நாள் முன்பே கொடுங்கள். ஜகாத் என்ற ஆண்டுக் கட்டாய தானத்துக்கு 87.48 கிராம் தங்கம் அல்லது 612.36 கிராம் வெள்ளியின் மதிப்பு ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால் 2.5 சதவீதம். ஹனபி முறைப்படி பெண்கள் அணியும் நகைக்கும் உண்டு: 20 பவுன் இருந்தால் அரைப் பவுன். தறிக்காரர்களுக்கு அடிக்கடி வரும் சந்தேகம், தறிக்கு ஜகாத் உண்டா என்பது. தறி, கட்டிடம், வண்டி கணக்கில் வராது. கையிருப்பு நூல், துணி, ரொக்கம், வரவேண்டிய நல்ல கடன் வரும். கொடுக்க வேண்டியதைக் கழிக்கலாம். சரக்கு 6 லட்சம், ரொக்கம் 1 லட்சம், வரவேண்டியது 2 லட்சம், நூல் கடைக்குத் தரவேண்டியது 3 லட்சம் என்றால், 6 லட்சத்துக்கு 15,000 ரூபாய். இதை நூறு நூறாக வாசலில் வரிசை நிற்க வைத்துக் கொடுப்பதை நான் வெறுக்கிறேன். ஏழெட்டுப் பேர் சேர்ந்து, கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு ஓவர்லாக் மிஷின் வாங்கிக் கொடுத்தால், சில ஆண்டுகளில் அவரே ஜகாத் கொடுக்கும் நிலைக்கு வர வாய்ப்பு உண்டு.

பெருநாள் காலையில் தொழுகைக்குப் போகும் முன் ஒற்றைப்படையில் பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டுப் போவது சுன்னத். ஒரு மாதமாகப் பகலில் ஓய்ந்திருந்த வயிறு, மதியம் பிரியாணியும் பிர்னியும் ஒன்றாக வந்தால் திணறும். பாதி அளவில் நிறுத்துங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் பழைய நேரத்துக்கு எப்படித் திருப்புவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் ஆறு நோன்பு சுன்னத். அதைத் தொடர்ந்தும் வைக்கலாம், விட்டு விட்டும் வைக்கலாம். மாதவிலக்கு, பிரசவம், நோய் காரணமாக விட்ட நோன்பு இருந்தால் அது கடமை, அதை முதலில் முடிப்பது நல்லது. திங்கள், வியாழன் என்று வாரம் இரண்டாகப் பிரித்துக்கொண்டால் விட்ட ஏழு நோன்பு ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.